வணக்கத்துக்குப் பிறகு

அவைத் தலைவர் அக்காவின் பெயரைக் கூப்பிட்டதும், அப்பா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

டெல்லியில், நாடாளுமன்றத்தின் பச்சை இருக்கைகளுக்கு நடுவே அக்கா எழுந்து நின்றாள். மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

“வணக்கம்” என்றாள்.

அந்த ஒரு சொல்தான் அவள் குரலில் வந்தது. அதற்குள் மொழிபெயர்க்கிற அம்மாளின் குரல் வந்துவிட்டது. அக்காவின் வாய் தமிழில் அசைந்தது, எங்கள் வீட்டில் இங்கிலீஷ் கேட்டது. அக்கா கையை ஓங்கிப் பேசியபோதும் அந்த அம்மாளின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அப்பா சத்தத்தைக் குறைத்தார்.

எப்போதும் இப்படித்தான். அக்கா பேசுகிற நாளென்றால் காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். கேட்டால், “அந்தக் கட்சிக்காரங்க என்ன தப்புத் தப்பா பேசுறாங்கன்னு பார்க்க வேணாமா?” என்பார்.

“புரியாத இங்கிலீஷ்ல தப்புக் கண்டுபிடிக்கிறாராம்” என்று சமையலறையிலிருந்து அம்மா சொல்வாள்.

ஆலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே கட்சி. ரிட்டயர் ஆன பிறகும் வீட்டில் கட்சிக் கரை வேட்டிதான். அக்காவைச் சின்ன வயதில் ஸ்டூல் மேல் ஏற்றி, ஆலை வாசல் கூட்டத்தில் மைக் முன்னால் நிறுத்தியவரும் அவர்தான். அக்கா வக்கீலானாள். அப்பாவின் கட்சியிலேயே கவுன்சிலர் ஆனாள். எம்.பி. சீட்டு மட்டும் அவளுக்கு அடுத்த கட்சியில் கிடைத்தது.

“அந்தக் கொடி கட்டின காரு என் வாசலுக்கு வரக் கூடாது.”

அப்பா சொன்னதோடு நிற்கவில்லை. திருவெறும்பூரில் தெருத்தெருவாகப் போய் அக்காவுக்கு எதிராக ஓட்டுக் கேட்டார்.

அக்கா ஜெயித்தாள். அன்று ஆறுதல் சொல்ல வந்தவர்களும் இனிப்புக் கொடுக்க வந்தவர்களும் எங்கள் வாசலில் ஒன்றாகச் செருப்பைக் கழற்றினார்கள்.

அக்காவுக்கு இப்போது ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. அவள் ஊரில் இருக்கும்போது அம்மாவும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அவள் எப்படி இருக்கிறாள் என்று அப்பா கேட்க மாட்டார்.

“பஸ்ல கூட்டமா?” என்று கேட்பார்.

அக்கா போனில் இருக்கும்போது நாங்கள் நீட்டினாலும் வாங்க மாட்டார். வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்.

அவருக்கென்று இருந்தது அந்த வணக்கம் மட்டும்தான். அதற்காகத்தான் சத்தத்தைக் கூட்டுகிறார் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

இன்று அக்கா, ஜீயபுரம் பக்கம் காற்றில் சாய்ந்த வாழைகளுக்கு நஷ்டஈடு கேட்டுக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்பில் ‘பனானா’ மட்டும் அப்பாவுக்குப் புரிந்தது.

“வாழையைப் பத்திப் பேச்சு ஓடுது” என்று அம்மாவிடம் சொன்னார், யாரோ பேசுவது போல.

பாதிப் பேச்சில் அக்கா இருமினாள்.

மொழிபெயர்க்கிற அம்மாள் நிறுத்தினார். இருமலுக்கு இங்கிலீஷ் கிடையாது.

கூடத்தில் அக்காவின் இருமல் மட்டும் கேட்டது. நெஞ்சுக்குள்ளிருந்து ஏறி, கடைசியில் சின்ன விக்கலோடு முடிகிற இருமல். சின்ன வயதில் அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. ஷிப்ட் முடிந்து வருகிற அப்பா, தெருமுனையிலேயே அதைக் கேட்டுவிட்டு சைக்கிளை வேகமாக மிதிப்பாராம்.

நான் டிவியைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்துவிட்டார். ரிமோட் தரையில் விழுந்தது.

“தண்ணி குடி, கேத்தி” என்றார் டிவியிடம்.

கேத்தரின் என்ற முழுப்பெயரைக்கூட அவர் வாயால் சொல்லித் தேர்தலுக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

“சுத்தி இத்தனை பேரு உக்காந்திருக்கானுங்க. ஒருத்தனாவது ஒரு கிளாஸ் தண்ணி எடுத்து நீட்டுறானா பாரு. என்ன கட்சியோ, என்ன எழவோ!”

அம்மா கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள்.

“மன்னிக்கணும்” என்றாள் அக்கா. அதுவும் அவள் குரலிலேயே வந்தது. பிறகு அந்த அம்மாளின் இங்கிலீஷ் மறுபடி தொடங்கியது.

அப்பா குனிந்து ரிமோட்டை எடுத்தார். இந்த முறை சத்தத்தைக் குறைக்கவில்லை. புரியாத பேச்சைக் கடைசிவரை, டிவிக்கு அருகிலேயே நின்று கேட்டார்.

மத்தியானம் என் போன் அடித்தது. அப்பா காதில் விழாமல் பின்வாசலுக்குப் போய் எடுத்தேன்.

“லின்சி, நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். கேட்டாரா?”

“கேட்டாருக்கா.”

“என்ன சொன்னாரு?”

“உனக்கு யாரும் தண்ணி தரலைன்னு உன் கட்சியைத் திட்டினாரு.”

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் இருமத் தொடங்கினாள்.

இந்த இருமல் நாங்கள் பேசி வைத்தது இல்லை.