டாக்டரைப் பார்க்காத நோயாளி

"பதினாலாம் நம்பர் இன்னிக்கும் ஓடிட்டாரு," என்றாள் நர்ஸ், டாக்டர் அறைக் கதவிலிருந்து தலையை மட்டும் நீட்டி.

பதிவு மேஜையில் இருந்தவளுக்கு எரிச்சல் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கிளினிக்கில் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. இப்போதுதான் மைக்கில் அந்தப் பெரியவரின் பெயரைக் கூப்பிட்டாள். "இதோ வர்றேன்" என்று குரல் கொடுத்து அவர் எழுந்ததைக் கண்ணாலும் பார்த்தாள். டாக்டர் அறைக்குப் போகவேண்டியவர் வாசல் பக்கம் திரும்பிப் போயே போய்விட்டார்.

இது ஏழாவது செவ்வாய்க்கிழமை. எட்டு மணிக்கே வந்து டோக்கன் வாங்குவார். துவைத்துத் தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. ஃபேனுக்கு அடியில் இடம் காலியாக இருந்தாலும் ஸ்பீக்கருக்குக் கீழேதான் உட்காருவார். இரண்டு மணி நேரம் காத்திருந்து, தன் முறை வந்ததும் கிளம்பிவிடுவார்.

நடுவில் ஒரு வாரம் மைக் பழுதாகி, அவள் நம்பர் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு மட்டும் அவர் எழுந்திருக்கவே இல்லை. கிளினிக்கைப் பூட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மருந்து திருட வர்றாரோ என்னவோ," என்று கம்பவுண்டர் கிளப்பிவிட்டார். அலமாரி முழுக்க எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மாத்திரை குறையவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை நூலக மாடியில் ஒரு கூட்டம் நடக்கும். கிளினிக், நூலகம், குடிநீர் அலுவலகம், பஸ் டிப்போ என்று நாலு இடத்து ஆட்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வட்டாரத்தில் யாருக்கு என்ன உடம்பு, எதனால் என்று பேசுவார்கள். ஆரம்பத்தில் அது டீ குடித்துக் கலைகிற கூட்டமாகத்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் இரண்டே தெருக்களில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. கிளினிக் நோட்டையும் குழாய் வரைபடத்தையும் அக்கம்பக்கமாக விரித்து வைத்துப் பார்த்தார்கள். சாக்கடையோரம் உடைந்து கிடந்த குழாய் அன்று மத்தியானமே அகப்பட்டது. ஒரே வாரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அதற்கப்புறம் யாரும் கூட்டத்துக்கு மட்டம் போடுவதில்லை.

இந்த மாதக் கூட்டத்தில் டோக்கன் அக்கா பதினாலாம் நம்பர் கதையை எடுத்தாள். நூலகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒல்லியா, உயரமா, தேய்ச்ச சட்டையா? எங்ககிட்டயும் வர்றாரே. புதன்கிழமை வந்து ஏதாவது புத்தகத்துக்குப் பேர் கொடுப்பாரு. புத்தகம் வந்துடுச்சுன்னு கூப்பிட்டா, வேற யாருக்காவது கொடுத்துடுங்கன்னு போயிடுவாரு."

"வியாழக்கிழமை எங்க ஆபீஸ்ல இருப்பாரு," என்றார் குடிநீர் அதிகாரி. "குழாய் ஒழுகுதுன்னு மனு. கூப்பிட்டு விசாரிச்சா, நின்னுபோச்சு சார்ங்கறாரு. நாலு வாரமா ஒழுகுது, நாலு வாரமா நிக்குது."

"அப்ப வெள்ளிக்கிழமை எங்க பங்கு," என்றார் டிப்போக்காரர். "பஸ் பாஸுக்கு எழுதிக் கொடுத்துட்டு, தயாராச்சுன்னு கூப்பிட்டா கையில வாங்காமலே போயிடறாரு. மூணு பாஸ் மேஜையிலேயே கிடக்கு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வேவு பார்க்கிறார் என்றார் ஒருவர். புத்தி பேதலித்திருக்கும் என்றார் இன்னொருவர்.

"நாலு ரிஜிஸ்டர்லயும் பேரை அடிச்சுடுவோம்," என்றார் குடிநீர் அதிகாரி. "நிஜமாவே முடியாதவங்க வெளியில நிக்கறாங்க. இவரு இடத்தை அடைச்சுக்கிட்டு விளையாடறாரா?"

நர்ஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தனித்தனியா இருந்திருந்தா நம்ம யாருக்கும் இது தெரிஞ்சே இருக்காது. நாலு இடத்துக்கு ஒரு மனுஷன் வாராவாரம் அலையறார்னா அவருக்கு என்னமோ இருக்கு. அது என்னன்னு தெரியாம விரட்டினா அது வைத்தியமா? முதல்ல கேளுங்க."

கேட்கிற வேலை டோக்கன் அக்கா தலையில் விழுந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் பெயரைக் கூப்பிட்ட கையோடு மைக்கை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். "இதோ வர்றேன்" என்றவர் நேராக அவளிடமே வந்து மாட்டிக்கொண்டார்.

"ஐயா, உங்க உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் எதுக்கு டோக்கன் வாங்கறீங்க?"

அவர் கையிலிருந்த சீட்டை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக மடித்தார்.

"லைப்ரரி, வாட்டர் ஆபீஸ், டிப்போ எல்லாரும் உக்கார்ந்து பேசிட்டோம்யா. நீங்க எங்கயுமே எதையும் வாங்கிக்கறதில்ல. காத்துக்கிட்டு மட்டும் இருக்கீங்க. யாரு உங்களை அனுப்பறாங்க?"

"யாரும் அனுப்பலம்மா. நானாத்தான் வர்றேன்."

அதட்டிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"இப்படியே போனா நாலு இடத்துலயும் உங்க பேரை எடுத்துடலாம்னு சொல்றாங்க."

அதுவரை நிமிர்ந்து நின்றிருந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பெஞ்சில் யாரோ இருமினார்கள். அவர் மைக் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"எடுத்துடாதீங்கம்மா," என்றார். "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேற யாருமில்ல."