பிச்சைக்கனியின் வாய்

பட்டுக்கடை ஒன்றுக்குத் தன் வாயை முப்பது வருடக் குத்தகைக்கு விட்டபோது பிச்சைக்கனிக்குப் பெருமைதான். யாராவது "கல்யாணம்" என்றால் போதும், அவர் வாய் தானாகக் கடையின் விளம்பரத்தைச் சொல்லிவிடும். பதிலுக்கு மகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பட்டுப்பாவாடை.

போன மாதம் அந்தக் கடையை ஒரு மூல வைத்தியர் வாங்கினார். விடுதலை கேட்டுப் போன பிச்சைக்கனியிடம், "முதலாளிதான் மாறியிருக்காரு அண்ணாச்சி, உங்க கையெழுத்து மாறலையே" என்றார் மேலாளர். இனிமேல் "உக்காருங்க" என்று காதில் விழுந்தால் வாய் திறக்குமாம்.

இன்று மகளுக்கு நிச்சயதார்த்தம். யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல இடம் தரக்கூடாது என்று வீட்டு நாற்காலிகளை எல்லாம் பக்கத்து வீட்டில் ஒளித்துவைத்தார். வந்தவர்கள் ஒரு மணி நேரம் நின்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை பொறுமையிழந்தாள்.

"என்னய்யா வீடு இது! உக்காருங்கன்னு சொல்ல ஒரு நாதியில்லையா?"

"மூலமா? வெட்கப்படாமல் எங்களிடம் வாருங்கள்! ஒரே வாரத்தில் குணம்!" என்றது பிச்சைக்கனியின் வாய், சபை முழுக்கக் கேட்கும்படி.

மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிச்சைக்கனி தரையைப் பார்த்தார். அதுவரை முணுமுணுக்காமல் நின்றிருந்த சம்பந்தி மட்டும் மெல்ல அருகில் வந்து, அவரும் தரையைப் பார்த்தபடி கேட்டார்:

"விலாசம் சொல்லலையே, சம்பந்தி?"