கதவின் உள்பக்கம்

காந்தம் கதவில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

மதிப்பீட்டாளர் அந்தோணிராஜ் அதைப் பிடுங்கி, ஒரு சாண் தள்ளி மறுபடி வைத்தார். அங்கும் ஒட்டியது.

"பட்டி பூசி அடைக்கவே இல்ல. முழுக்கத் தகடு."

கோகிலவாணி பட்டறைத் தூணில் சாய்ந்து நின்றாள். அவளுடைய கணவன் தாமோதரன், வண்டிக்கு அந்தப் பக்கம்.

ஐம்பத்தெட்டாம் வருடத்துப் பிக்கப். பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் எலும்புக்கூடாகக் கிடந்ததை இருவரும்தான் இழுத்து வந்தார்கள். என்ஜின் அவன் பொறுப்பு. பாடி முழுவதும் அவள். துருப்பிடித்ததை வெட்டியெறிந்துவிட்டு, புதுத் தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்து வளைத்தாள். ஐந்து வருடம்.

மதிப்பில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு வண்டியை அவனே வைத்துக்கொள்ளலாம் என்று குடும்பநல நீதிமன்றம் சொல்லியிருந்தது.

மதிப்பு எவ்வளவு என்பதுதான் பாக்கி.

"நாலு லட்சம் போட்டுக்குங்க சார். பழைய இரும்புதானுங்களே," என்றான் தாமோதரன்.

அந்தோணிராஜ் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

"கதவு யார் பண்ணுனது?"

அவள் நிமிர்ந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"வேற வண்டில இருந்து கழட்டி மாட்டுனதுங்க."

அவளுக்குக் காது சுட்டது. சுத்தியல் பட்ட இடது கட்டைவிரலில் நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.

"நான் அடிச்சதுங்க சார். ரெண்டு கதவும்."

அந்தோணிராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கம்பெனிக் கதவுன்னா ஒரு விலை. கையால அடிச்சதுன்னா அதைவிடக் கூட. உள்பக்க அட்டையக் கழட்டுங்க, பாத்துரலாம்."

"அதெல்லாம் எதுக்குங்க சார்..."

"கழட்டுங்க."

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.

ஆறு ஸ்க்ரூ. ஐந்து வேகமாக வந்தன. ஆறாவதில் அவன் கை நின்றுவிட்டது.

பொய் வெளிப்படப் போகிற பயம் என்றுதான் அவள் நினைத்தாள்.

அட்டை பெயர்ந்து வந்தது.

தகடெங்கும் சுத்தியல் தடம். அவளுக்குத் தெரிந்த தடம்.

நடுவில், அவளுக்குத் தெரியாத ஒன்று. வெள்ளைப் பெயிண்ட்டில், அவனுடைய முட்டி மோதும் எழுத்து.

'இந்தக் கதவு கோகிலவாணி செய்தது.'

கீழே தேதி. ஆறு வருடம் முந்தையது. அன்றைக்கு அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அட்டையை மாட்டியது அவன்தான்.

சொல்லவே இல்லை.

அந்தோணிராஜ் நாலு லட்சத்தை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார். அதில் பாதியைத் தாமோதரனால் புரட்ட முடியாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"செஞ்சவங்க பேரு எழுதணும். பக்கத்துல, ஓனருக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு." அவர் தயங்கினார். "அதுல என்ன போடட்டும்?"

அவள் வாயெடுத்தாள்.

"எம் பொண்டாட்டிங்க," என்றான் தாமோதரன், கதவைப் பார்த்தபடியே.

விவாகரத்துத் தீர்ப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்தோணிராஜ் எழுதாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் இல்லை என்று சொல்லவில்லை.