பெட்டிக்குள் ஒரு சிரிப்பு

சர்க்கஸில் உடம்பை வளைத்துக் காட்டும் ரெஜினா, கால்களைத் தோளுக்குப் பின்னால் மடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கினாள். உள்ளே போனால் கைகள் உடம்புக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். பேண்டு சத்தத்தில் குரலும் எடுபடாது. அதனால்தான் பெட்டியைப் பூட்டும் அந்தோணி முன்பே சொல்லியிருந்தான்: "வலிச்சா சிரிப்ப நிறுத்திருங்கக்கா. ஒடனே தெறந்துடுறேன்." அவன் மூடியை அழுத்திப் பூட்டியபோது அவள் இடுப்பில் ஏதோ நழுவியது. மூச்சு பாதியில் நின்றது. அந்தோணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உதடுகளை மூடப் பார்த்தாள். வலி கூடக்கூட இன்னும் நன்றாகச் சிரிக்க வேண்டுமென்று சின்ன வயதிலேயே பிரம்பால் அடித்துப் பழக்கியிருந்தார்கள். உதடுகள் காது வரை விரிந்தன. அந்தோணி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"பாருங்க, அக்கா எப்பிடி சிரிக்கிறாங்க."