பச்சைப் பட்டி

கிருபானந்தன் தன் மனைவி சுகந்தமலரின் இடது கையை முறித்தபோது அவனுடைய மணிக்கட்டுப் பட்டி பச்சையாகவே இருந்தது. எலும்பு முறிந்த சத்தம் அந்த ஸ்கார்பரோ மாடிக் குடியிருப்பின் அடுத்த வீட்டுக்கும் கேட்டது. பொலிஸ் வந்து பட்டியைப் பார்த்துவிட்டுப் போனது. குற்றமாவதற்குச் செயல் மட்டும் போதாது, செய்யும் எண்ணமும் வேண்டும். சட்டப்படி எல்லாரும் கட்டியிருந்த பட்டி அந்த எண்ணத்தைத்தான் அளந்தது; எண்ணம் இருந்தால் சிவக்கும், இல்லாவிட்டால் பச்சை. கல்யாணமான புதிதில் அவன் அடித்தபோதென்றால் சிவந்திருக்கும். ஆனால் அப்போது பட்டி வந்திருக்கவில்லை. பதினாறு வருடத்தில் அவளை அடிப்பது அவனுக்குக் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றுவதுபோல நினைக்காமலே செய்யும் பழக்கமாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து அவளுடைய தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். சுகந்தமலர் நல்ல கையால் அடுப்பிலிருந்த இரும்புத் தாச்சிச் சட்டியை எடுத்து அவன் மண்டையில் இறக்கினாள். இரண்டாவது அடியில் விழுந்தான். மூன்றாவதையும் இறக்கினாள். ஆம்புலன்ஸ் வருமுன் அவன் செத்துப்போனான். அவளுடைய பட்டி முதல் அடிக்கு முன்பே சிவந்திருந்தது.

தடுப்பறைக்கு வந்த சட்டத்தரணி தர்ஷிகா அவளுடைய பட்டியின் பதிவை நெடுநேரம் பார்த்தாள்.

"கொல்லோணும் எண்டு நினைச்சனீங்களோ, அன்ரி?"

"ஓம் பிள்ளை. நல்லா நினைச்சுத்தான் அடிச்சனான்."

"அவர் உங்கட கையை முறிக்கேக்க ஒண்டும் நினைக்கேல்லை. அதாலதான் அண்டைக்கு வழக்குப் போடேல்லை."

சுகந்தமலர் மாக்கட்டுப் போட்ட கையை மேசையில் வைத்தாள்.

"எனக்கு இது முதல்தரம் பிள்ளை. அவரை மாதிரி நானும் ஒவ்வொரு நாளும் அடிச்சுப் பழகியிருந்தா, எனக்கும் பச்சையாத்தான் இருந்திருக்கும்."