பாராசூட்

“கூறைப்புடவையிலயா கத்திரி வெச்சீங்க!” குமுதவல்லி போட்ட சத்தத்தில், தெரு முழுக்க டிவிகளின் சத்தம் குறைந்தது. ஷெட்டில் ராக்கெட் செய்துகொண்டிருந்த அம்பலவாணன் நிமிரவில்லை.

“பாராசூட்டுக்குப் பட்டுதான் லேசு. ஜரிகை கனம். அதை உனக்குன்னு பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன் பாரு.”

“சுமங்கலியாப் போறப்ப என்மேல போர்த்தணும்னு வெச்சிருந்தேங்க.”

“அதுக்கு இன்னும் நாள் இருக்கேம்மா.”

அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். சண்டையை வேடிக்கை பார்க்க மதிலோரம் நின்றவர்களுக்கு ஏமாற்றம்தான். மிக்சி மோட்டார், இஸ்திரிப்பெட்டி என்று எல்லாம் அந்த ஷெட்டுக்குள் போனபோதுகூட வாய் திறக்காதவள். அவளுடையது என்று அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது பீரோவின் அடித்தட்டு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை ராக்கெட் நிஜமாகவே மேலே போனது. கேலி பேசிய வாயெல்லாம் பிளந்து நின்றது. அரக்குச் சிவப்புப் பட்டு வானத்தில் விரிந்து, மிதந்து, செல்போன் டவரில் போய்ச் சிக்கிக்கொண்டது. அந்நேரம் குமுதவல்லி, பிடி அறுந்த பெட்டியை அந்த ஜரிகையால் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவு அழகா விரிஞ்சுது, அவ ஒருத்திதான் பார்க்கல” என்று அம்பலவாணன் இன்றும் வழியில் போவோரை நிறுத்திக் குறைப்படுகிறார். அவள் தாராபுரத்தில், அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். அண்ணியிடம் சொல்லிவைத்திருக்கிறாளாம்: “எனக்குப் போர்த்த வெள்ளைத் துணியே போதும் அண்ணி.”