அட்டைக்கு ஒரு முகம்

எங்கள் இசைப் பத்திரிகையின் அட்டையில் ஒரே ஒரு முகம்தான் இருக்க வேண்டும். அதுவும் புத்தகம் திறக்கும் பக்கம் பார்க்க வேண்டும். ஆசிரியரின் விதி. வயலின் பூமா படத்தில் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கணினியில் இடவலமாகத் திருப்பிவிட்டேன். பக்கத்தில் மிருதங்கத்தோடு அவர் கணவர் கோதண்டபாணி. அவரை அழித்தேன்.

இதழ் வெளியான அன்று பூமா அலுவலகத்துக்கு வந்தார். வில் இடது கையில் இருந்தது.

"காலையிலேர்ந்து வலது கைக்கு வில் பிடிக்கவே தெரியலை, தம்பி. முப்பது வருஷம் வாசிச்ச கை."

மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தேன். "சார் எப்படி இருக்கார், மேடம்?"

"எந்த சார்?"

"கோதண்டபாணி சார்."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே. நான் தனி ஆளுதான்" என்றார், கழுத்துத் தாலியைத் திருகிக்கொண்டே.

அவர் போனதும் ஆசிரியர் அடுத்த அட்டைக்கான படத்தை என் மேசையில் வைத்தார். சிறுவர் பாடல் குழு. ஏழு குழந்தைகள்.

"நடுவுல சிவப்பா இருக்கே, அந்தப் பிள்ளை போதும். மத்ததை எடுத்துடு."

ஏழு பேரும் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.